பிடித்த கைகள்

“சாட்சியா? குமரகுருவா?”

அறிவுச்செல்வி ஃபோனை மேசைமேல் போட்ட வேகத்தில் பேனா ஸ்டாண்டு சாய்ந்து, பேனாக்கள் தரையெங்கும் உருண்டன. முபஷிர் குனிந்து அவற்றைப் பொறுக்கினான்.

“அக்கா, அந்த ஃபோன் என்ன பாவம் பண்ணுச்சு? மொபைல் கடைக்காரன் என்னைத் தூரத்துல பாத்தாலே புது டிஸ்ப்ளேவை எடுத்து வெளிய வெக்கிறான்.”

அவள் சிரிக்கவில்லை. அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இருந்தது அவர்களுடைய துப்பறியும் அலுவலகம். கீழே யாரோ ஒருவருக்குப் பல்லைக் குடையும் சத்தம் மேலே வரை கேட்டது. அது தன் மண்டைக்குள் நடப்பதுபோல அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். உதறியதற்குக் காரணமும் இப்படிப்பட்ட ஒரு ஃபோன் அழைப்புதான்.

எதிர் நாற்காலியில் வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள். கொலையான சென்னியப்பனின் மனைவி.

“இன்ஸ்பெக்டர் என்னங்க சொன்னாரு?”

“உங்க வீட்டுக்காரரைக் கொன்னது டிரைவர் தனுஷ் மட்டும்தானாம். குற்றப்பத்திரிகையில அவன் ஒருத்தன் பேர்தான் வருது. முதலாளி குமரகுரு, அதை நேர்ல பாத்த முதல் சாட்சி.”

வசந்தாமணியின் முகம் இறுகியது. அழவில்லை. அழுகையெல்லாம் தீர்ந்து, கோபம் மட்டும் மிச்சமிருந்த முகம் அது.

நடந்தது இதுதான். இளம்பிள்ளைக்குத் தெற்கே சென்னியப்பன் மேச்சேரி இனச் செம்மறியாடுகள் வளர்த்துவந்தார். பக்கத்தில் குமரகுருவின் சாயப்பட்டறை. அங்கிருந்து திருட்டுத்தனமாகக் குழாய் பதித்து ஓடையில் விட்ட சாயத்தண்ணீர் கிணற்றில் இறங்கியது. தண்ணீர் ஒரு நாள் ஊதாவாகவும் மறுநாள் சிவப்பாகவும் வந்தது. சினை ஆடுகள் குட்டியைப் போட்டுவிட்டுச் செத்தன. சென்னியப்பன் புகார் கொடுத்தார். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்தால் குழாய் எங்கே திறக்கிறது என்று நேரில் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அவர்கள் வருவதற்கு முந்தின மத்தியானம், வண்டிப்பாதையில் வைத்து இரும்புக் கம்பியால் அவர் தலையில் அடித்தார்கள்.

தனுஷ் அன்று சாயங்காலமே போலீசில் சரணடைந்தான். ‘வழிவிடச் சொன்னதில் வாய்த்தகராறு, ஆத்திரத்தில் நான்தான் அடித்தேன்’ என்றான். இரண்டு வயல் தள்ளிக் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும், குமரகுரு சென்னியப்பனைப் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். குமரகுரு அதை மறுக்கவேயில்லை. ‘ஆமாம், காப்பாற்றத்தான் பிடித்து இழுத்தேன், தனுஷையே ஓட்டவைத்து என் காரிலேயே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன்’ என்றார். போலீசும் நம்பியது.

“எழவுக்கு வந்தாருங்க அந்தாளு,” என்றாள் வசந்தாமணி. “‘எத்தனையோ புடிச்சு இழுத்தேன் அம்மிணி, காப்பாத்த முடியலியே’ன்னு ஒப்பாரி வெச்சாரு. நானும் நம்பி அந்தக் கையைப் புடிச்சுக் கும்பிட்டுப் போட்டேனுங்க. அப்பறந்தானுங்க ரோசனை பண்ணுனேன். எம்பட ஊட்டுக்காரரு முட்ட வர்ற கடாவைக் கொம்பப் புடிச்சு நிறுத்தற ஆளு. தலைக்கு அடி வந்தா கையைத் தூக்காத மனுசன் உண்டுங்களா? அவரு கையில ஒரு சிராய்ப்புக்கூட இல்லீங்களே!”

அறிவுச்செல்வி எழுந்து ஜன்னலோரம் போனாள்.

“இதைத்தான் இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டேன். முதல் அடி எதிர்பாராம விழுந்திருக்கும், அதுக்கப்புறம்தான் குமரகுரு ஓடிப்போய்ப் பிடிச்சிருப்பார்ங்கறார். ஒரே பிடிதான் முபஷிர். காப்பாத்தப் பிடிச்சிருந்தா அவர் சாட்சி. அடிக்க வசதியா பிடிச்சுக் குடுத்திருந்தா கொலைகாரர். பிடிக்கறதுக்கு முன்னாடியே அந்த ஆள் மனசுல என்ன இருந்துச்சுன்னு காட்டணும்.”

“மனசுக்குள்ள சிசிடிவி கிடையாதே அக்கா!”

“கிடையாது. ஆனா மனசுல இருக்கறதைக் கை முந்திக்கிட்டுச் செஞ்சிருக்கும். அது என்னன்னு பாப்போம். வண்டியை எடு.”

இளம்பிள்ளைக் கடைவீதியில் குமரகுருவின் சேலைக்கடை பெரியதாக இருந்தது. வெள்ளைச் சட்டையும் கட்டியான கண்ணாடியுமாக அவர் எழுந்து நின்று கும்பிட்டார். டீ வந்தது.

“வண்டியை வேப்பமரத்துக்கிட்ட நிறுத்திப் போட்டு, வழிவிடச் சொல்லித் தனுசை அனுப்புனேனுங்க. நான் எறங்கவே இல்ல. திடீர்னு பாத்தா அந்தப் பய கம்பியை ஓங்கறான்!”

“எவ்வளவு தூரம் இருக்கும்?”

அவர் கடைக்கு வெளியே கை காட்டினார். “அந்த பேக்கரி தூரம் வெச்சுக்கங்க.”

“அங்கேருந்து தெரிஞ்சுதா?”

“தெளிவா தெரிஞ்சுதுங்க. அவன் மூஞ்சி ஆத்திரத்துல கோணிப்போச்சு. அப்பவே கதவைத் தெறந்துட்டு ஓடுனேன். அதுக்குள்ளாற ஒண்ணு உழுந்துருச்சு. கட்டிப் புடிச்சு இழுக்கறதுக்குள்ள இன்னொண்ணு. அவன் குடிகாரனுங்க. சென்னியப்பனோட ரொம்ப நாளாப் பகை வேற. வேலைய உட்டு நிறுத்தறதாத்தான் இருந்தேன். இதையெல்லாம் போலீசுலயும் சொல்லிட்டேனுங்க.”

தனக்காகப் பழியைச் சுமந்து ஜெயிலில் கிடப்பவனைப் பற்றி எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் என்று அறிவுச்செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். குமரகுரு கண்ணாடியைக் கழற்றி, வராத கண்ணீரைத் துடைத்தார். பிறகு டீயை எடுக்கக் கையை நீட்டினார். விரல்கள் கப்புக்கு ஒரு சாண் தள்ளி மேசையைத் தடவின. முபஷிர் கப்பை நகர்த்தி அவர் கைக்குள் வைத்தான்.

“நன்றி கண்ணு,” என்றார் அவர், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து.

அடுத்து அவர்கள் போனது சென்னியப்பனைக் கொண்டுபோன தனியார் ஆஸ்பத்திரிக்கு. சாகும் முன் அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்க வேண்டியிருந்தது. அன்று வேலையில் இருந்த நர்ஸ் சௌமியா இடுப்பைத் தாண்டித் தொங்கும் ஜடையோடு வந்து நின்றாள்.

“வந்தப்பவே நினைவு இல்லைங்க மேடம். ஸ்ட்ரெச்சர்ல ஏத்தறப்பவே உயிர் போயிடுச்சு. கூட வந்தவர்தான் பேசிக்கிட்டே இருந்தார்.” கொஞ்சம் தயங்கினாள். “என்னைப் பாத்து, ‘தம்பி, டாக்டர் எங்கப்பா?’ன்னு கேட்டார்.”

முபஷிர் ஜடையைப் பார்த்தான். “இதைப் பாத்த பிறகுமா தம்பின்னார்?”

“நேருக்கு நேரா நின்னுதாங்க கேட்டார். அப்புறம் கேஷ் கவுன்டர் கண்ணாடித் தடுப்பைக் கதவுன்னு நெனச்சுப் போய் நெத்தியில இடிச்சுக்கிட்டார். பதட்டத்துல அப்படி நடந்துக்கறார்னு பாவமா இருந்துச்சு.” அவள் குரல் தாழ்ந்தது. “பின்னாடி காருக்குப் போய் ஒரு டப்பா எடுத்துட்டு வந்தார். அதுக்குள்ள இருந்து கண்ணாடியை எடுத்து, அதோட இருந்த குட்டித் துணியால நிதானமா துடைச்சு மாட்டினார். சட்டையெல்லாம் ரத்தம். இந்த நேரத்துல இவ்வளவு நிதானமா துடைக்கறாரேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

அறிவுச்செல்வி அவள் கையைப் பிடித்தாள். “இதைக் கோர்ட்டில சொல்லுவியாம்மா?”

“பாத்ததைத்தானே சொல்லப் போறேன். சொல்லுவேன் மேடம்.”

வெளியே வந்ததும் அறிவுச்செல்வி வண்டியின் கூரையைத் தட்டினாள்.

“பேக்கரி தூரத்துல கம்பி ஓங்கினது தெளிவா தெரிஞ்சுதுன்னு சொன்னார். முகம் கோணினதுகூடத் தெரிஞ்சுதாம். அப்ப கண்ணாடி மூக்குமேல இருந்திருக்கணும். இருந்திருந்தா டப்பாவுக்குள்ள எப்படிப் போச்சு? ஒருத்தனைக் காப்பாத்த ஓடறவன், கண்ணாடியைக் கழட்டி, துணியை வெச்சு, டப்பாவை மூடிட்டா ஓடுவான்?”

“முன்னாடியே கழட்டி வெச்சிருந்தா?”

“அப்ப அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. தம்பி யாரு, தங்கச்சி யாருன்னே தெரியாத ஆளுக்குக் கம்பி தெரியுமா?”

முபஷிரின் குறும்பு முகம் மாறியது. “அக்கா, எங்க தெருவுல சுல்தான்னு ஒருத்தர். அவர் கண்ணாடியைக் கழட்டிப் பாக்கெட்ல வெச்சார்னா சுத்தி நிக்கறவங்க ஒதுங்கிடுவாங்க. கழட்டினா அடுத்தது கைகலப்புதான்.”

“அதேதான். தனுஷ் அடிக்கப் போறது அவருக்கு முன்கூட்டியே தெரியும். தான் கட்டிப் பிடிக்கப் போறோம், அவன் திமிறுவான், கண்ணாடி உடையும். அதான் கழட்டி வெச்சுட்டு எறங்கியிருக்கார். ஒரு மனுசன் உயிர் போகப் போகுது, இந்த ஆளுக்குக் கண்ணாடி உடையக் கூடாது!”

கடைசி வாக்கியத்தைச் சத்தமாகவே சொல்லிவிட்டாள். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தண்டாயுதபாணி ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சண்டையில கீழ விழுந்துச்சு, எடுத்து டப்பாவுல போட்டு வெச்சேன்னு அவர் சொல்லிட்டா என்ன செய்வீங்க மேடம்?”

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. கண்ணாடி எப்போது டப்பாவுக்குள் போனது என்பதைச் சொல்ல இனி ஒரே ஒருவனால்தான் முடியும்.

தனுஷை ரிமாண்டு நீட்டிப்புக்காகச் சங்ககிரி கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். புங்கமரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே குந்தியிருந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மூத்த ஏட்டு அறிவுச்செல்வியிடம் முன்பு வேலை பார்த்தவர். “சுருக்கா பேசிடுங்க மேடம்,” என்று கொஞ்சம் தள்ளி நின்றார்.

“எங்கிட்ட பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க,” என்றான் தனுஷ். “நாந்தான் அடிச்சேன். நான் மட்டுந்தான்.”

“அதைக் கேக்க வரல. உன் முதலாளி கண்ணாடியை எதுக்குடா உடைச்சே?”

அவன் நிமிர்ந்தான். “கண்ணாடியா?”

“நீ கம்பியை வீசினப்ப பட்டு, கீழ விழுந்து நொறுங்கிப் போச்சாம்.”

முபஷிர் உச்சுக் கொட்டினான். “பாவம் மனுசன். அன்னிலேருந்து செவுத்துக்கெல்லாம் வணக்கம் சொல்லிட்டுத் திரியறார். ‘அந்தப் பய வேணும்னே உடைச்சான்’னு ஒரே புலம்பல்.”

“பொய்யுங்க!” தனுஷுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “அதுல ஒரு கீறல்கூட உழுகல. நாந்தானுங்க டப்பாவுல போட்டு டேஷ்போர்டுக்குள்ள வெச்சேன். ‘பத்தரமா வைடா’ன்னு அவருதான் கழட்டி எங்கையில குடுத்தாரு!”

“எப்ப?”

“எறங்கறதுக்கு முன்ன...”

அவன் நிறுத்திவிட்டான். மரத்தின்மேல் ஒரு காகம் கத்தியது. ஏட்டு மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

அறிவுச்செல்வி அவன் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தாள். “கண்ணாடி உடையல. நான்தான் பொய் சொன்னேன். ஆனா இப்ப சொல்லப்போறது பொய் இல்ல. உன் கேஸ்ல முதல் சாட்சி யார் தெரியுமா? குமரகுரு. நீ குடிகாரன், சென்னியப்பனோட உனக்கு ரொம்ப நாள் பகை, வேலையை விட்டே நிறுத்தறதா இருந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கார். எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னார்.”

“நான் பீரு வாசனைகூடப் புடிச்சதில்லீங்க.” அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “‘ஆத்திரத்துல நடந்துபோச்சுன்னு சொல்லு. கொஞ்ச நாள்தான், வக்கீல் வெச்சு வெளிய எடுத்தர்றேன். உங்கம்மாவை நான் பாத்துக்கறேன்’னு சத்தியம் பண்ணுனாருங்க.”

“உனக்கு எதிரா கூண்டுல ஏறப்போறதைச் சொன்னாரா?”

தனுஷ் விரலால் தரையைக் கீறினான்.

“நான் நடந்ததைச் சொன்னா எனக்குத் தண்டனை கொறையுமுங்களா?”

முபஷிர் அவளைப் பார்த்தான். குறையும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறிவுச்செல்விக்கும் அது தெரியும். பொய் சொல்லி ஒன்றைக் கறந்தாகிவிட்டது. இதில் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“குறையும்னு நான் சொல்ல மாட்டேன். கூடவும் செய்யலாம். இப்ப ஆத்திரத்துல அடிச்சதுன்னு சொல்லிக்கிட்டிருக்கே. பேசி வெச்சு வந்தோம்னு ஆயிட்டா அது திட்டம் போட்ட கொலை. ஒரே எண்ணத்தோட ரெண்டு பேர் சேர்ந்து கொன்னா, யார் அடிச்சது யார் பிடிச்சதுன்னு சட்டம் பங்கு பிரிக்காது. ஒவ்வொருத்தனும் முழுக் கொலையையும் தானே செஞ்ச மாதிரிதான். பழைய சட்டத்துல இருந்த செக்ஷன் நம்பர் இப்ப மாறிடுச்சு. விஷயம் மாறல. அவன் செஞ்சது உன் தலையில, நீ செஞ்சது அவன் தலையில. இதுதான் உண்மை. இதைத் தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் சொல்றதானா சொல்லு.”

தனுஷ் முகத்தை முழங்காலில் புதைத்தான். அங்கிருந்தே குரல் வந்தது.

“மொதல்ல ஒண்ணுதானுங்க போட்டேன். தலை தொங்கிருச்சு. கம்பி கையை உட்டு நழுவிருச்சுங்க. ஓடிப்போலாம்னு திரும்புனேன். அவரு கட்டிப் புடிச்ச புடியை உடாம, ‘பட்டுச்சாடா?’ன்னு கேட்டாரு.”

ஏட்டு ஓரடி நெருங்கி வந்தார்.

“கண்ணாடி இல்லாம அவருக்குத் தெரியலைங்க. ‘பட்டுருச்சுங்க’ன்னேன். ‘நாளைக்குக் குழாயைக் காட்ட இவன் இருக்கப்படாது, இன்னொண்ணு போடு’ன்னாரு.”

“போட்டியா?”

“போட்டேனுங்க.”

அறிவுச்செல்வியின் கை தானாக ஓங்கியது. நடுவானில் நிறுத்தி, விரல்களை மடக்கிக் கீழே இறக்கினாள். ஓடிப்போக ஒரு நொடி கிடைத்தும் குனிந்து கம்பியை எடுத்திருக்கிறான். முதலாளிமேல் இருந்த அதே கோபம் அவளுக்கு இவன்மேலும் வந்தது. ஒரு துளி குறையவில்லை.

தனுஷ் எழுந்து சட்டையால் முகத்தைத் துடைத்தான். ஏட்டைப் பார்த்தான்.

“ஏனுங்க, நான் ஜட்ஜய்யாகிட்ட ஒண்ணு சொல்லோணும். என்னைய உள்ள கூட்டிட்டுப் போங்க.”

நீதிபதி அவனை உடனே சொல்ல விடவில்லை. ‘யாரும் உன்னை வற்புறுத்தவில்லையா, நன்றாக யோசித்துக்கொண்டு வா’ என்று திருப்பி அனுப்பினார். மறுநாள் அவன் வந்து, ஒரு வார்த்தை மாற்றாமல் அதையே சொன்னான். சௌமியாவும் வந்து வாக்குமூலம் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் தண்டாயுதபாணி இளம்பிள்ளைக்கு ஜீப்பை எடுத்தார். போகிற வழியில் அறிவுச்செல்விக்கு ஃபோன் செய்து, “நான் அவசரப்பட்டுட்டேன் மேடம்,” என்று மட்டும் சொன்னார். அவள் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை.

சேலைக்கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வசந்தாமணி பிடிவாதமாக வந்திருந்தாள். கூட்டத்தின் முன்வரிசையில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

“நான் ஒரு அடிகூட அடிக்கலீங்க!” குமரகுரு இன்ஸ்பெக்டரின் கையை உதறினார். “அந்தக் கம்பியை எடுத்துப் பாருங்க. எங்கைரேகை இருக்குதான்னு பாருங்க!”

“கம்பியில இருக்காது,” என்றாள் அறிவுச்செல்வி. “உங்க கை ரெண்டும் சென்னியப்பன்மேல இருந்துச்சு. அடிச்சது ஒரு கை, புடிச்சது ரெண்டு கை. மூணையும் ஒரே ஆளோட கையாத்தான் சட்டம் பாக்கும். அடிக்கலைங்கறது உங்களுக்கு ஒரு பெருமையா?”

அவர் கண்கள் கூட்டத்தில் அலைந்து வசந்தாமணியிடம் வந்து நின்றன. குரல் கெஞ்சலாக இறங்கியது.

“அம்மிணி, நீயாவது சொல்லு சாமி. நாந்தான அவரை வாரிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன்? கொல்றவன் ஆராச்சும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போவானா?”

ஒரு கணம் அந்தக் கேள்வி நியாயமானதுபோலக்கூட ஒலித்தது. முபஷிர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அறிவுச்செல்வி அவன் தோளை அழுத்தினாள்.

வசந்தாமணி இரண்டடி முன்னால் வந்தாள். சத்தம் போடவில்லை. எதிரில் இருப்பவர் காதில் ஒவ்வொரு சொல்லும் விழவேண்டும் என்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

“கொண்டுட்டுத்தானுங்க போனீங்க. நான் இல்லேங்கல. ரெண்டு அடி போட்டும் மூச்சு இருந்துச்சு. அது எப்ப நிக்குதுன்னு பக்கத்துல இருந்து பாக்கத்தான போனீங்க?”

குமரகுருவின் பார்வை ஒரு நொடி தாழ்ந்து மீண்டதை வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அவருடைய கடைக் கணக்குப்பிள்ளை அருகிலிருந்து மெல்ல விலகி நின்றான்.

“ஏறுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.